கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோன நாற்றம்

கணக்கெடுப்பு முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை பொழுது விடிந்தபோது, காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற நண்டுக்கார சந்தில் நாற்றம் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு பெண்பிள்ளை என்று வைத்தாலும் அறுநூறு ஜோடிக் கை, அத்தனையும் விடிகாலையிலிருந்து வெயில் சாய்கிறவரை இறால் தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகில் கறுப்பாக ஓடுகிற குடலை இழுத்துப் போட்டு, ஐஸில் கொட்டி, அந்த ஐஸ் உருகி, உருகின தண்ணீர் வாசலில் ஓடி, அந்த வாசலில் பிள்ளைகள் விளையாடி, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்கிற நாற்றம் அது. சோப்புக்கும் அடங்காமல் சாம்பிராணிக்கும் அடங்காமல் மூணு தலைமுறையாக அங்கேயே குடியிருந்த நாற்றம். அது சொல்லாமல் கொள்ளாமல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. இறால் இருந்தது, ஓடு இருந்தது, ஐஸ் தண்ணீர் வழக்கம்போல ஓடியது. நாற்றம் மட்டும் இல்லை.

முதலில் கண்டுபிடித்தவள் அம்சவேணி. கண்டுபிடிக்காமல் இருப்பாளா? அவள் பிழைப்பே மூக்கில்தான் இருந்தது. நாற்பத்தாறு வயசு, சந்தில் 'மூக்கு அம்சா' என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். உரித்த இறாலெல்லாம் அன்னக்கூடை அன்னக்கூடையாக அவள் முன்னால் வந்து உட்காரும். குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். "இது போவட்டும்", "இது வாணாம்", "இதுல நாலு கெட்டது கீது, பொறுக்கு" என்பாள். அவள் போகட்டும் என்று சொன்ன சரக்கு கப்பலேறி எந்த ஊர்த் தட்டில் விழுந்தாலும் எவனுக்கும் வயிறு வலித்ததில்லை. அன்றைக்குக் குனிந்தாள், இழுத்தாள், ஒன்றும் வரவில்லை. சளியோ என்று மூக்கைச் சிந்திவிட்டுத் தலையில் இருந்த மல்லிகையை மோந்து பார்த்தாள், மணத்தது. பக்கத்து வீட்டு ரசம் மணத்தது. எதிர்வீட்டு ஆள் கடந்து போனபோது முந்தின நாள் அவன் குடித்தது நாறியது. வேலையின் நாற்றம் மட்டும்தான் போயிருந்தது.

"நாத்தம் பூடுச்சுடி லூர்து" என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த லூர்துமேரியிடம்.

லூர்து தன் கையை மோந்து பார்த்தாள். "மாதா புதுமை" என்று சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த இறாலின் தலையைக் கிள்ளினாள்.

அவ்வளவுதான். யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. அந்தச் சந்துக்கு நல்லது எது வந்தாலும் ஏன் வந்தது என்று கேட்கிற வழக்கம் இல்லை, கேட்டால் திரும்பிப் போய்விடும் என்று பயம். கோயிலில் அம்மன் செயல் என்று ஒரு பேனர் கட்டினார்கள், மாதா கோயிலில் அதைவிட ஒரு முழம் பெரிசாக இன்னொன்று கட்டினார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் சந்து முனைவரைக்கும் வந்து ஏற்றிக்கொண்டார்கள். டாக்டர் முகத்தைத் திருப்பாமல் நாக்கை நீட்டச் சொன்னார். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் முதல் பெஞ்சுக்கு வந்தார்கள். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத கல்யாணத் தரகர் இரண்டு சம்பந்தத்தோடு வந்து மோரும் குடித்துவிட்டுப் போனார். பூனைகள்தான் பாவம், மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் காலையில் வரிசையாகக் கிளம்பி, சிக்னலில் நின்று, பாலத்தில் ஏறி, தெற்குப் பக்கமாக நடந்து போயின.

எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டவள் அம்சவேணியின் மகள் யோகலட்சுமி. இருபத்து மூன்று வயசு. நகரத்தின் தெற்கு முனையில், பதினெட்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் தரை துடைக்கிற வேலை. தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ். பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு காலியாகும். அதனாலேயே அவள் உட்காருவதில்லை, படிக்கட்டுப் பக்கம் காற்று வருகிற இடமாகப் பார்த்து நிற்பாள். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து போனாள். ஒரு அம்மாள் அவள் தோளில் சாய்ந்து தூங்கியே போனாளாம். "யம்மா, எச்சில் கூட வடிச்சுது யம்மா" என்று அதை ஒரு மெடல் வாங்கின மாதிரி சொன்னாள்.

ஆனால் போன நாற்றம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? அது அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குத்தான் போயிருந்தது. பதினாலாவது மாடி, இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் தலைமை அலுவலகம். அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் ஒருத்தன்கூட உயிர் இறாலைத் தொட்டதில்லை. அந்த மாடியில் கம்பளம் நாறியது, காபி மெஷின் நாறியது, மேனேஜருடைய டை நாறியது. கேன்டீன் சமையல்காரரை விரட்டினார்கள். யாரும் மீன் குழம்பு கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார்கள். வாசனைத் தைலம் பீப்பாய் பீப்பாயாக அடித்தார்கள், மல்லிகையும் இறாலும் கலந்து முன்னதைவிட மோசமாயிற்று. வாசலில் முப்பது பூனை வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? துடைக்கிற பெண்களை வரிசையாக நிற்கவைத்து, யார் யார் எந்த ஏரியா என்று கேட்டார்கள். யோகலட்சுமி காசிமேடு என்றாள். அந்தக் கட்டடத்தில் அன்றைக்குத் துளி நாற்றம் இல்லாத ஒரே உடம்பு அவளுடையது. அவளைத்தான் நாறுகிறாய் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். இந்த அநியாயத்தை எந்த ஊரில் போய்ச் சொல்ல?

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதே நாள் மத்தியானம், சந்து முனையில் தீனதயாளன் வந்து நின்றார்.

தீனதயாளன் கணக்கெடுப்புக்காரர். நாற்பது வயசு, இரண்டு பெண்குழந்தை, ஏஜென்சி மூலமாகக் கான்ட்ராக்ட் வேலை. இந்தப் பெருநகரம் மொத்தமும் ஒரு வருஷத்தில் எத்தனை கோடிக்கு உழைக்கிறது, எந்தத் தெரு எவ்வளவு, எந்தச் சந்து எவ்வளவு என்று அளந்து எழுத அரசாங்கம் அவரைப்போல நாலாயிரம் பேரை வெயிலில் விட்டிருந்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தபோது தட்டிக்கொண்டிருந்த டேப்லெட் இப்போது அவர் கையில் இல்லை, ஒரு கட்டு நோட்டீஸ் இருந்தது.

"படிங்க" என்றாள் அம்சவேணி.

அவர் படித்தார். "பெருநகரப் பொருளாதார அளவீட்டின்படி மேற்படி சந்தின் ஆண்டு உற்பத்தி: இல்லை. உற்பத்தியற்ற நிலப்பரப்பை உற்பத்திக்கு உட்படுத்தும் பொருட்டு, குடியிருப்போர் நகர எல்லைக்கு அப்பால் மாற்றுக் குடியிருப்புக்கு அனுப்பப்படுவர். ஆட்சேபணை இருப்பின் இருபத்தொரு நாட்களுக்குள்."

"இல்லையா? இன்னா இல்ல?" லூர்து கையில் இருந்த இறாலைத் தூக்கிக் காட்டினாள். "இது இன்னா, புளியங்கொட்டையா?"

"கோச்சுக்காதீங்கக்கா. நான் வந்து கேட்டப்போ முந்நூத்திப் பன்னெண்டு வீட்லயும் 'கம்பெனி வேலை'ன்னு சொன்னீங்க. கம்பெனின்னு அழுத்தினா கம்பெனி அட்ரஸ் தானா வந்துடும். நீங்க உரிச்சதெல்லாம் அந்தக் கட்டடம் உரிச்சதா ஆயிடுச்சு. வேலை போன இடத்துக்கு நாத்தமும் போயிடுச்சு."

அம்சவேணி கையில் இருந்த அன்னக்கூடையைக் கீழே வைத்தாள். அப்படிச் சொல்லச் சொன்னவள் அவளேதான். கணக்கெடுப்புக்கு முதல் நாள் வீடு வீடாகப் போய், "யார்னா வூட்ல சும்மா குந்திகினு உரிக்கிறேன்னு சொன்னீங்க, கெட்ட கோவம் வரும் எனக்கு. கம்பெனி வேலைன்னு சொல்லுங்க, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் மதிப்பான்" என்று மிரட்டிவிட்டு வந்திருந்தாள். அந்தச் சந்தில் கம்பெனி வேலை என்பது கழுத்தில் போடாத செயின். கவுரவத்துக்கு ஆசைப்பட்டு, சொந்த செலவில் சந்துக்கே சூனியம் வைத்துவிட்டாள்.

தண்ணீர் கொடுக்கும்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். "இவ்ளோ வெயில்ல நடந்து வந்துகீறீங்க, சட்டையெல்லாம் நனைஞ்சுகீது. வேர்வை நாத்தமே இல்லியே சார்?"

"என் வேலையும் ஏஜென்சி கணக்குலதானேக்கா. வெளியூர்ல எங்கியோ ஏசி ரூம்ல நாறிட்டிருக்கும்" என்றார் தீனதயாளன்.

அடுத்த நாலு நாளில் மிச்சமும் வந்து சேர்ந்தது. அம்சவேணி கண்ணால் பார்த்துப் போகட்டும் என்று சொன்ன சரக்கில் ஒரு கூடை கெட்டது கலந்து போய்விட்டது. மூக்கு திரும்புகிறவரை கூடைப் பக்கம் வராதே என்று கம்பெனி ஆட்கள் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்துக் கடலிலிருந்து திரும்பிய அவள் புருஷன் கஜபதி உள்ளே வந்து சட்டையைக் கழற்றினான். டீசல் இல்லை, உப்பு இல்லை, வலை இல்லை. யாரோ வாடகைக்கு வந்த ஆள் மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருஷமாக "குளிச்சிட்டு உள்ள வாய்யா" என்று அவனை விரட்டினவள், அன்றைக்கு அவன் தோளில் மூக்கை வைத்துத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், ஓவென்று அழுதாள். என்ன ஏது என்று புரியாமல் அவனும் குளிக்காமலே நின்றான்.

விசாரணைக்கு நாள் குறித்து வந்தது. கிளம்பும்போது யோகலட்சுமி, "யம்மா, வூட்ட கேளு. நாத்தத்த கேக்காத. அது வாணாம்மா எனக்கு" என்றாள். அம்சவேணி கதவைப் பூட்டினாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

கணக்கெடுப்பை நடத்துகிற அளவை அலுவலகம் ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அதிகாரி சந்திரமௌலி கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே கம்பெனி மேனேஜர், மூக்கில் முகமூடி, அதற்குமேல் கர்ச்சீப். அவர் பக்கத்தில் நடந்தபோது அம்சவேணி அப்படியே நின்றுவிட்டாள். அவர் கோட்டிலிருந்து சந்து வந்தது. ஒரு மூச்சு இழுத்தாள், கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"சார், உங்க வலது கைல கீது பாரு, அது செவ்வாக்கெழமை சரக்கு. நான் தெரியாம உட்ட கெட்ட கூடை. காலர்ல லூர்து. அவ முட்டிக்குத் தேய்க்கிற தைலம்கூட கீது. பாக்கெட்டாண்ட என் வூட்டுக்காரன். எங்க சந்து மொத்தமும் உன் சட்டைலதான் சார் குடியிருக்குது."

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "பில் எங்க போடறாங்களோ, உற்பத்தி அங்கதாம்மா. அதான் விதி."

"புள்ள பெத்தவ நானு, பில் போட்டது ஆஸ்பத்திரி. அப்ப என் பொண்ணு ஆஸ்பத்திரி புள்ளையா சார்?"

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஒரு மனு நீட்டினார். அதில் கம்பெனி கேட்டிருந்தது இவ்வளவுதான்: கோடிக்கணக்கான உற்பத்தி மதிப்பு கம்பெனி முகவரியிலேயே இருக்கட்டும், அதைக் காட்டித்தான் பாங்கில் கடன், சர்க்காரில் சலுகை, நாற்றத்தை மட்டும் பிரித்து நண்டுக்கார சந்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இப்படி ஒரு மனுவை எழுதக் கை கூசியிருக்க வேண்டாமா? கூசவில்லை, முத்திரை வேறு குத்தியிருந்தார்கள்.

"இதுக்கு வழி இருக்கு" என்று அதிகாரி ஒரு படிவத்தை அம்சவேணி பக்கம் நகர்த்தினார். "மதிப்பு அங்க, மணம் இங்க. சந்து சார்பா நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, நாளைக்கே உங்க நாத்தம் உங்களுக்கு வந்துடும்."

அம்சவேணி பேனாவைப் பார்த்தாள். போட்டால் மூக்கு திரும்பும், வேலை திரும்பும், கஜபதியின் தோள் திரும்பும். பதினோரு நாள் கழித்து, நாற்றத்தோடு சேர்த்து லாரியில் ஏற்றி நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கடல் இல்லாத ஊரில் கொட்டுவார்கள். அவள் பேனாவை எடுத்து அதிகாரியின் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா சார் உங்களுக்கு? நாத்தமும் கோடியும் ஒட்டிப் பொறந்தது. வந்தா ரெண்டும் வரட்டும். இல்லியா, ரெண்டும் உங்ககிட்டயே கெடக்கட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோகலட்சுமி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். அந்த மேனேஜரின் அறையை அவள் இரண்டு வருஷம் துடைத்திருக்கிறாள். அவர் அவளை யாரென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேம்பாலம் ஏறும்போது மெதுவாகச் சொன்னாள்: "யம்மா, அந்தக் கட்டடத்துல ஜன்னல் தொறக்காது."

"இன்னாடி?"

"பதினெட்டு மாடியும் ஒரே கண்ணாடி. ஒரு ஜன்னலும் தொறக்காது யம்மா. உள்ள வர்றது உள்ளயே சுத்தும்."

அம்சவேணி மகள் முகத்தைப் பார்த்தாள். நண்டுக்கார சந்து அவள் பேச்சைக் கேட்டு ஒரு தரம் கெட்டது. இந்தத் தரம் மகள் பேச்சைக் கேட்டது.

மறுநாளிலிருந்து சந்தில் ஒரு ஓட்டையும் யாரும் தூரப் போடவில்லை. இறால் ஓட்டை வெயிலில் மூன்று நாள் காயவிட்டார்கள், பெரிய அண்டாவில் போட்டுக் காய்ச்சினார்கள், திருக்கை மீனைக் கீறி வாசலில் தொங்கவிட்டார்கள், கருவாடு மொட்டை மாடியெல்லாம் விரித்தார்கள், ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன் அறுநூறு பெண்களும் கடலைப் பார்த்து நின்று "கம்பெனி வேலை" என்று உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். சந்தில் ஊதுவத்தி மட்டும் மணத்தது. ஆட்சேபணைக் கெடு முடிகிறவரை விடுபட்டவர்களைச் சேர்க்கலாம் என்று ஒரு விதி இருந்தது. தன் வேர்வையையும் பறிகொடுத்திருந்த தீனதயாளன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு, முதல் தரம் எவனும் எண்ணாமல் விட்டவர்களைத் தேடிப் போனார்: மீன் எண்ணெய் காய்ச்சுகிறவர்கள், தோல் ஊறவைக்கிறவர்கள், குப்பைக் கிடங்கில் பிரிக்கிறவர்கள், கடைசியாகச் சாக்கடை அள்ளுகிறவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கிற கான்ட்ராக்டருக்கும் அதே கட்டடத்தில்தான் ஆபீஸ், ஆறாவது மாடி. சாக்கடை அள்ளுகிற பெரியவர் ஒருத்தர் பதிவு முடிந்ததும் தன் இரண்டு கையையும் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் மோந்து பார்த்தாராம், முப்பது வருஷத்தில் முதல் தரமாக. அப்புறம் நேராக வீட்டுக்குப் போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொண்டாராம்.

கண்ணாடிக் கட்டடத்தில் என்ன ஆயிற்று என்று நான் விவரமாகச் சொல்ல மாட்டேன், சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள். முதலில் பதினாலாவது மாடி காலி, அப்புறம் ஆறாவது, அப்புறம் நடுவில் இருந்ததெல்லாம். லிஃப்டுக்குள் ஏறினவர்கள் ஏறின வேகத்தில் இறங்கினார்கள். பூனைகள் நானூறு ஆயின. சந்துக்கு இறால் அனுப்புவதை நிறுத்திவிடலாமா என்று கம்பெனி யோசித்துப் பார்த்தது. கப்பல் துறைமுகத்தில் காத்துக்கொண்டிருந்தது, அந்த அறுநூறு ஜோடிக் கைக்கு ஈடாக ஒரு மெஷினும் இல்லை. எட்டாம் நாள் மேனேஜரே அளவை அலுவலகத்துக்கு ஓடினார். உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்: வேலை நடக்கிற இடத்தையே உற்பத்தி நடக்கிற இடமாக எழுதிக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

தீனதயாளன் முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். "வேலை எங்க நடக்குது?"

"இங்க" என்றாள் லூர்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி. அவர் விரலை அழுத்தினார். லூர்துவின் வாசலில் நாற்றம் வந்து இறங்கியது. அப்புறம் அடுத்த வீடு, அடுத்த வீடு, இங்க, இங்க, இங்க என்று முந்நூற்றுப் பன்னிரண்டு குரல். ஒவ்வொரு குரலுக்கும் பின்னால் ஓடும் ஐஸும் உப்பும் வேர்வையும் வந்து அததன் இடத்தில் உட்கார்ந்தன. அம்சவேணி அன்னக்கூடை மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். "இதுல மூணு கெட்டது கீது, பொறுக்கு" என்றாள். கஜபதி பக்கத்தில் வந்து நின்றான். "குளிச்சிட்டு வாய்யா, நாறுது" என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே திட்டினாள்.

கடைசியில் தீனதயாளனைப் பிடித்து உட்காரவைத்தாள். "உன்னுத போட்டியா? நடக்கறது நீ. போடு."

அவர் தயங்கி, தன் பெயரைத் தேடி, வேலை நடக்கிற இடம் என்ற கட்டத்தில் நண்டுக்கார சந்து என்று அழுத்தினார். மூன்று மாசத்து வேர்வை மொத்தமாக வந்து அவர் மேல் விழுந்தது. லூர்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். அவரோ குனிந்து தன் சட்டையை மறுபடி மறுபடி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புது நோட்டீஸ் திங்கட்கிழமை வந்தது. காலி செய்யும் உத்தரவு ரத்து. நண்டுக்கார சந்து, ஆண்டு உற்பத்தி: நூற்றுப் பன்னிரண்டு கோடி. யோகலட்சுமி அதை மூன்று தரம் படித்தாள். கல்யாணத் தரகர் அன்றைக்கே ஃபோன் செய்து, மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் யோசிக்கிறார்கள் என்றார். அவள் முகம் வாடியதை அம்சவேணி பார்த்தாள்.

மறுநாள் காலையில் யோகலட்சுமி வேறொரு இடத்தில் வேலை கேட்கப் போக பஸ் ஏறினாள். படிக்கட்டுப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் உள்ளே போய், காலியாக இருந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, இது என்ன நாற்றம் என்று முன் சீட்டுக்காரரிடம் முணுமுணுத்தாள்.

"நூத்திப் பன்னெண்டு கோடிம்மா" என்றாள் யோகலட்சுமி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. "கவர்மெண்டே எழுதிக் குடுத்துகீது. வேணும்னா மூக்க மூடிக்கோ."

அந்த அம்மாள் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. யோகலட்சுமியும் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.